சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிய வீடு

ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர்களுக்கு விடைபெறத் தெரியாது. குணமாகி வீட்டுக்குப் போகும் நோயாளி எங்களிடம் 'போயிட்டு வரேன்' என்று சொல்லமாட்டார். சொன்னால் மறுபடி வர நேரும் என்ற பயம். நாங்களும் 'வாங்க' என்று சொல்லமாட்டோம். பல வருடம் வார்டில் இருந்ததில் அந்த வார்த்தையே என் நாக்கிலிருந்து கழன்றுவிட்டது. (என்னைப் பெண் பார்க்க வந்தவர்களைக்கூட 'மாத்திரையை நேரத்துக்குப் போடுங்க' என்றுதான் வழியனுப்பினேன். அந்தச் சம்பந்தம் அமையவில்லை.)

எண்பதுகளின் நடுவில் சென்னையில் நர்சிங் பட்டமேற்படிப்பு படித்தேன். இனி குணப்படுத்த முடியாது என்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட புற்றுநோயாளிகளின் வலியும் மனநிலையும்தான் என் ஆய்வு. சொந்த ஊர் காரைக்கால் என்பதால் அந்தப் பக்கத்துக் கிராமங்களையே எடுத்துக்கொண்டேன். கேள்விகளை உட்கார்ந்து செதுக்கினேன். சாவு, புற்று, கடைசி என்ற சொற்கள் எதிலும் இல்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்.

முதல் வீடு குரும்பகரத்தில். நோயாளி வயதான விவசாயி, வயிற்றில் புற்று. பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்த அவர் மகன் என்னை வாசலிலேயே நிறுத்தினார்.

"அப்பாவுக்குத் தெரியாதுங்க சிஸ்டர். வயித்துப் புண்ணுன்னு சொல்லி வச்சிருக்கோம். கதிர் அறுப்பு வரைக்குமாவது நிம்மதியா இருக்கட்டும். நீங்க எதையும் காட்டிக்காதீங்க."

"என் வாயிலேருந்து ஒரு வார்த்தை வராதுங்க" என்றேன். (வரவில்லை. அதுதான் பிரச்சினை.)

பெரியவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். அவர் மனைவி காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

"ராத்திரி தூக்கம் வருதாங்க ஐயா?"

"வருதும்மா. வலி அதுக்கு முந்திக்கிட்டு வந்துடுது."

"மனசுல ஏதும் கவலை?"

"கடைமடைக்குத் தண்ணி வருமான்னுதான். அதையும் எழுதிக்கிறியா?"

"எழுதிக்கிறேங்க."

"எழுது. படிக்கிறவனாவது தொறந்து விடட்டும்."

எல்லாம் நன்றாகவே போனது. முடிக்கும் நேரத்தில் காரைக்கால் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. அதை விட்டால் சாயங்காலம்தான். தாள்களைப் பையில் திணித்தேன். யார் முகத்தையும் பார்க்காமல் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, படியிறங்கி நடந்தேன்.

நம் பக்கத்தில் அப்படிச் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போவது துக்க வீட்டிலிருந்து மட்டும்தான். பின்னால் பேச்சு சட்டென்று நின்றபோதுதான் அது எனக்கு உறைத்தது.

"என்னடா இது, எழவு வீட்டுலேருந்து போற மாதிரி போவுது இந்தப் பொண்ணு?" என்றார் பெரியவரின் மனைவி. சொன்ன பிறகுதான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"அம்மா, சும்மா இரு." மகன் அதை அவ்வளவு பதறிச் சொல்லியிருக்க வேண்டாம்.

நான் திரும்பி வந்து வாசலில் நின்றேன். பெரியவர் மகனைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"சொல்லிட்டுப் போம்மா" என்றார். "இன்னும் இருக்கேன்ல."

"போயிட்டு வரேங்க ஐயா." அவருக்குக் கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன்.

"வா. கொஞ்சம் சீக்கிரமா வா."

அதற்குள் பஸ் போய்விட்டது. சாயங்காலம்வரை அந்த வீட்டுக்கு எதிரேயே நின்றேன். மகன் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நோயாளிக்குத் தன் நோய் தெரியுமா என்று ஆய்வுத் தாளில் ஒரு கட்டம் உண்டு. நான் உள்ளே போனபோது ஒரு பதில், வெளியே வந்தபோது வேறு பதில். மாற்றியது ஆய்வாளர்.

சீக்கிரம் போகவில்லை. எந்த முகத்தோடு போவது என்று தள்ளிப்போட்டேன். ஒருவழியாகப் போனபோது கட்டிலைச் சுவரோரம் நிமிர்த்தி வைத்திருந்தார்கள்.

அதன்பின் எங்கும் எதற்கும் சொல்லிக்கொண்டுதான் கிளம்புவேன். கல்யாணமான புதிதில், தருமபுரத்தில் கணவரின் பெரியப்பா இறந்த வீட்டில், அத்தனை பேர் நடுவில், தெளிவாகச் சொன்னேன்: "போயிட்டு வரேங்க."

நாத்தனார்தான் மெதுவாகக் கேட்டாள்: "இன்னும் யாரு பாக்கி, அண்ணி?"

இன்றும் நான் பையை எடுத்தால் வீட்டில் யாராவது ஒருவர் அதைக் கேட்டுவிடுவார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். குரும்பகரத்தைப் பற்றி அவர்களிடம் சொன்னதில்லை.