எங்கள் வீட்டுக்குத் தலை கிடையாதாம்

பூண்டி,
செவ்வாய்க்கிழமை

என் பெரியப்பாவும் கோயில் கமிட்டித் தலைவருமான உயர்திரு நாச்சிமுத்து அவர்களுக்கு, தம்பி மகள் தமிழ்மதி பணிவோடு எழுதிக்கொள்வது. நீங்கள் நலமா என்று கேட்க வேண்டியதில்லை. நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர். காலையில் வெந்நீர் கேட்டுப் பெரியம்மாவை நீங்கள் அதட்டியதில் எங்கள் வீட்டுப் பூனையே எழுந்துவிட்டது, ஆகவே நலம் என்று தெரிகிறது. பக்கத்து வீட்டுக்கு எதற்குத் தபால் என்பீர்கள். உங்கள் முன்னால் வந்து நின்றால், சொல்ல வந்ததை விட்டுவிட்டு, "காபி குடிச்சீங்களா பெரியப்பா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறேன். உங்கள் காபியைப் பற்றி நான் இவ்வளவு கவலைப்படுவது ஏன் என்று நீங்களும் யோசித்திருப்பீர்கள். உண்மையில் கேட்க வந்தது கோயில் வரியைப் பற்றி.

ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடி, அம்மன் பொங்கலுக்குத் தலைக்கட்டுக்கு இரண்டாயிரம் என்று வரி போட்டீர்கள். அம்மா பூண்டு விற்ற பணத்தை மஞ்சள் பையில் சுருட்டிக்கொண்டு சாவடிக்கு வந்தாள். நான் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றேன். நீங்கள் பணத்தைத் தொடவே இல்லை. "அழகம்மா, ஒனக்கு எதுக்கு இந்தச் சோலி? தலைக்கட்டுன்னா கல்யாணம் முடிச்ச ஆம்பளை. தம்பி போனதோட ஒங்க வீட்டுக்குத் தலை கெடையாது. வரி தள்ளுபடி. சந்தோசமா வீட்டுக்குப் போ" என்றீர்கள். "எனக்குத் தள்ளுபடி வேணாங்க மச்சான், வாங்கிக்கங்க" என்று அம்மா இரண்டு தரம் கெஞ்சினாள். ஊரெல்லாம் வரி கட்டாமல் தப்பிக்க ஒளிந்துகொண்டிருக்கும்போது, வரி வாங்குங்கள் என்று ஒருத்தி கும்பிட்டு நிற்பதை நீங்கள் எல்லாரும் வேடிக்கை பார்த்துச் சிரித்தீர்கள். தள்ளுபடி என்ற சொல்லில் எங்கள் காதில் விழுந்தது 'தள்ளு' மட்டும்தான். வரி கட்டாத வீட்டுப் பானைக்குக் கோயில் வாசலில் இடம் கிடையாது. போன வருடம் அம்மாவின் பானை, பெரியம்மாவின் பானைக்குப் பின்னால் செருப்புக் கழற்றும் இடத்தில் பொங்கியது, குலவை போடக்கூட ஆளில்லை. கிடாக் கறியில் எங்கள் பங்கு உங்கள் பங்கோடு சேர்ந்து வந்தது. வரும் வழியில் கறி எங்கோ இறங்கிவிட்டது, எலும்பு மட்டும் வீடு வந்து சேர்ந்தது.

உங்கள் மகன் முருகானந்தம் அண்ணன் திருப்பூருக்குப் போய்க் குடும்பத்தோடு தங்கிவிட்டார், மலை ஏறி நம் ஊருக்கு வந்து எத்தனையோ பொங்கல் ஆகிறது, ஆனால் அவர் ஒரு தலைக்கட்டு. வரி கட்டினாரா என்று கேட்டால் "அனுப்புறேன்னிருக்கான்" என்கிறீர்கள். அவர் பங்குக் கறி மட்டும் தவறாமல் உங்கள் சட்டிக்கு வந்துவிடுகிறது. தலை திருப்பூரில், வாய் பூண்டியில். காட்டிலிருந்து மேடு ஏறிப் பூண்டுக் கட்டுச் சுமந்து வரும் அம்மாவுக்குத்தான் தலை இல்லையாம். அப்படியானால் அந்தக் கட்டை அவள் எதன் மேல் வைத்துக்கொண்டு வருகிறாள் என்று கமிட்டியில் யாராவது பார்த்துச் சொல்லுங்கள். வராத தலைகளை நம்பி வரி போட்டதில், பந்தலுக்கு முன்பணம் கொடுக்கக்கூட வசூல் சேரவில்லை என்று நீங்கள் போனில் கத்தியதும் சுவர் வழியே கேட்டது.

நான் மன்னவனூரில் திருமலைச்சாமி அண்ணன் நடத்தும் டென்ட் விடுதியில் டிக்கெட் கிழிக்கிறேன். அங்கேயும் தலைக்கு இவ்வளவு என்றுதான் வாங்குகிறோம். பழனியில் முடி இறக்கிவிட்டு வந்த ஒருவர், "கைப்புள்ளைக்கு எதுக்குங்க டிக்கெட்? அது தூங்குது" என்றார். "தூங்குனாலும் தலை தலைதானுங்களே" என்றார் அண்ணன். "மொட்டை போட்டிருக்குங்க." "முடிக்கா சார் காசு வாங்குறோம்?" அவர் பிள்ளைக்கும் சேர்த்துக் காசை எண்ணி வைத்தார். ஒரு வேன் நிறைய நர்சுகள் வந்தார்கள், கூட ஆம்பளை ஒருவர் இல்லை. தலை இல்லாத வேன் என்று அவர்களைச் சும்மா உள்ளே விட்டுவிடவில்லை. காசு பிடுங்கும் அந்த மனிதருக்குத் தெரிந்தது அம்மனுக்கு வரி வாங்கும் உங்களுக்குத் தெரியவில்லை.

இதோடு விட்டிருந்தால் நான் பேனாவைத் தொட்டிருக்க மாட்டேன். நேற்று வெள்ளனே வந்து, "ஒரு வழி இருக்கு அழகம்மா. தமிழுக்குப் பத்தொம்பது ஆச்சுல்ல? பொங்கலுக்கு முந்தி முடிச்சப் போட்டு, மாப்பிள்ளைய வீட்டோட வச்சுக்க. தலை வந்துரும். எங்க வீட்டுக்காரி தம்பி சேனாதிபதி சும்மாதான் கெடக்கான்" என்றீர்கள். உங்கள் வீட்டுத் திண்ணையில் சும்மா கிடப்பதுதான் அந்த மாமாவின் சோலியே. கேரட் மூட்டையை லாரியில் ஏற்றச் சொன்னால், தானும் ஏறி மூட்டை மேல் படுத்து ஒட்டன்சத்திரம் வரை தூங்கிப்போனவர். எடை போடும்போதுதான் எழுப்பினார்களாம். இரண்டாயிரம் ரூபாய் வரி கட்டுகிற பாக்கியத்துக்காக இவருக்கு நான் ஆயுசு முழுக்கச் சோறு போட வேண்டும். இதைவிடப் பெரிய வரியை எந்தச் சர்க்காரும் போட்டிருக்காது. நான் பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள்தான், ஆனாலும் தலைக்கட்டு என்ற சொல்லுக்குப் பொருள் இப்போது எழுத்துக் கூட்டாமலே விளங்குகிறது: விற்காததை அடுத்த வீட்டுக்காரி தலையில் கட்டுவது. அம்மா புதுப் பானையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் பானையும் இருந்தது, சேனாதிபதி மாமாவும் இருந்தார். எனக்கு அதுதான் பயம்.

ஆகவே, இரண்டாயிரத்தை வாங்கிக்கொண்டு அழகம்மாள் என்று பேர் எழுதி ரசீது கொடுங்கள். வரி என்றால் கோடு என்றும் பொருள் உண்டு. அந்தக் கோட்டுக்கு உள்ளே எங்கள் பானையை வைக்க விடுங்கள். இல்லையென்றால் இந்த வருடம் நாங்கள் எங்கள் வாசலிலேயே பொங்கி, நானே குலவை போடுவேன். என் குரல் சின்னதுதான், ஆனால் சுவரும் ஒற்றைச் செங்கல்தான்.

பெரியம்மாவுக்கு என் வணக்கம். அம்மன் உங்களுக்கு நீண்ட ஆயுளையும், முருகானந்தம் அண்ணனுக்கு மலை ஏற ஒரு பஸ்ஸையும், சேனாதிபதி மாமாவுக்கு அசையாத ஒரு கட்டிலையும் அருளட்டும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள
தமிழ்மதி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை தேடும்போது கோயில் மைக் பேசியது. வசூல் பற்றாததால் தலைக்கட்டு வரி ரத்து, ஆண் பெண் சின்னது பெரியது என்று பார்க்காமல் வீட்டிலிருக்கும் எல்லாருக்கும் தலைக்கு ஐந்நூறு என்று கமிட்டி முடிவாம். நொடியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தலை முளைத்துவிட்டது. அம்மா ஓடிப்போய்க் கட்டி, ரசீதைப் பானைக்குள் போட்டு வைத்துவிட்டாள். அவள் அந்தப் பக்கம் போனதும் நீங்கள் வெரசா எங்கள் வாசலுக்கு வந்து, "தமிழு, வசூலுக்கு வர்றவங்க கேட்டா எங்க வீட்ல ரெண்டே தலைன்னு சொல்லு. முருகானந்தம் குடும்பம் திருப்பூர்க்காரங்க. சேனாதிபதி எங்க வீட்டு ஆளே இல்ல, சும்மா தூங்க வர்றவன்" என்றீர்கள். இந்தத் தடவை நான் சொல்ல வந்ததை விடவில்லை. "தூங்குனாலும் தலை தலைதானுங்க பெரியப்பா" என்றேன். பிறகு பழக்க தோஷத்தில் காபி குடித்தீர்களா என்றும் கேட்டுவிட்டேன். ஆகவே மேலே கேட்டிருக்கும் எதையும் நீங்கள் செய்ய வேண்டாம். கடிதத்தைக் கிழித்துப் போட்டிருப்பேன், ஆனால் உறையில் தபால்தலை ஒட்டியாகிவிட்டது. இனி எங்கள் வீட்டில் ஒரு தலையையும் வீணாக விடுவதாக இல்லை.