கலைக்களஞ்சியத்தில் மாமியாரை ஏற்றிய கதை

புது மருமகள் வாயிலிருந்து வரக்கூடாத வார்த்தை ஒன்று உண்டென்றால் அது ‘தெரியும்’ என்பதுதான். ‘தெரியாது’ என்றால் ஒரு நாள் முறைப்போடு முடிந்துவிடும். ‘தெரியும்’ என்றால் அந்த வேலை ஆயுசுக்கும் நம் தலையில். கல்யாணமான முதல் வருஷம் இந்த ஞானம் எனக்கு இல்லை. “ஜெனி, நெட்டுல தப்பா எழுதி வச்சிகிறாங்க, மாத்தத் தெரியுமா உனுக்கு?” என்று மாமியார் கேட்ட உடனே, கையிலிருந்த டீயைக் கூடக் கீழே வைக்காமல், “தெரியுமே அத்தே” என்றேன்.

தெரியும் என்று நான் நம்பியதற்குக் காரணம் என் வேலை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தேன். பாகம் நன்றாக இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலையில்லை. பார்த்தாயிற்று என்று காட்டும் காகிதங்களைத் தயார் செய்வதுதான் என் வேலை. ஆடிட் வருகிறது என்றால் தரையில் மஞ்சள் கோடு புதிதாகப் பளபளக்கும். நடக்காத பாதுகாப்புக் கூட்டம் போட்டோவில் நடந்திருக்கும். அதே அஞ்சு பேர், ஹெல்மெட் நிறம் மட்டும் மாறும். ஆதாரம் என்பது இருப்பதல்ல, செய்வது என்பதில் எனக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. (நாலு ஆடிட்டர்களைச் சமாளித்தவளுக்கு ஒரு கலைக்களஞ்சியம் எம்மாத்திரம் என்ற திமிரும் இருந்தது.)

மாமியார் ஸ்டெல்லா அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். காக்களூர் தொழிற்பேட்டையில் ஒரு கேன்டீனில் காலமெல்லாம் வேலை செய்தவர். மிஞ்சிய சோற்றைக் கேட்டுக்கு வெளியே நாய்களுக்குப் போடுவார். அத்தை ரிட்டயர் ஆனார், நாய்கள் ஆகவில்லை, வீட்டுக்கே வந்துவிட்டன. அப்படிப் பிறந்ததுதான் ‘நாலுகால் நேசர் சங்கம்’. திருப்பாச்சூர் பக்கம் ஒரு வாடகை மனையில் அடிபட்டது, கண்ணில்லாதது, குட்டி போட்டது என்று முப்பதுக்குக் குறையாமல் இருந்தன. தலைவர், செயலாளர், சமையல், அசிங்கம் அள்ளுவது எல்லாம் அத்தைதான்.

அந்த மனையை ஒரு பிளாட் புரமோட்டர் வாங்கிவிட்டார். மாதக் கடைசிக்குள் நாய்களைக் கிளப்ப வேண்டும். எங்கள் கம்பெனிக்குக் காக்களூரில் ஒரு பழைய கொட்டகை பூட்டிக் கிடந்தது. கேட்டோம். தலைமை அலுவலக அதிகாரி முக்கால்வாசி சம்மதித்த பிறகு போன் செய்து, “மேடம், இன்டர்நெட் கலைக்களஞ்சியத்துல உங்க சங்கம் ‘தற்போது செயல்படவில்லை’ன்னு போட்டிருக்கே. செயல்படாத சங்கத்துக்கு எப்படிக் கொட்டகை குடுக்கறது? அத சரி பண்ணிட்டு வாங்க” என்றார்.

எப்போதோ ஒரு கல்லூரி மாணவன் ஆர்வத்தில் நாலு வரி எழுதிவிட்டுப் போயிருக்கிறான். அதன் அடியில் வேறு யாரோ, அவர் என்ன கண்டாரோ, அந்த ஐந்தாவது வரியைச் சேர்த்திருக்கிறார். அத்தை தினமும் விடியற்காலையில் முப்பது நாய்களுக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருக்க, அவருடைய சங்கம் உலகத்தின் பார்வையில் செத்துப்போயிருந்தது. ஒரு வரியை மாற்றினால் நாய்களுக்குக் கூரை. மாற்றாவிட்டால் நடுத்தெரு.

ஒரு வரியைத்தான் மாற்றியிருக்க வேண்டும். நான் பதினேழு பத்தி எழுதினேன்.

ஒருவரைப் புகழ்ந்து எழுதிய தமிழ் என்று நான் அதுவரை படித்தது ஃபிளெக்ஸ் பேனரில் மட்டும்தான். அதனால் அந்த நடையே வந்தது. ‘வாயில்லா ஜீவன்களின் வாயே, காக்களூரின் கருணைக் கடலே, எங்கள் குலவிளக்கே’ என்று ஆரம்பித்தேன். ‘விலங்குகளுக்காக இன்னுயிரையும் ஈயத் துணிந்த குடும்பம்’ என்று எங்களையும் சேர்த்துக்கொண்டேன். (நாய் என்றால் எனக்குச் சிறுவயதிலிருந்து நடுக்கம். பெண் பார்க்க வந்தபோது “நாயி புடிக்குமா?” என்று அத்தை கேட்டதற்கும் ‘தெரியும்’ மாதிரியே ஒரு பதிலைச் சொல்லி வைத்திருந்தேன்.) கடைசியில் பழக்க தோஷத்தில், ‘இவண்: மகன், மருமகள் மற்றும் குடும்பத்தார்’ என்று முடித்தேன். அத்தையைப் படிக்கச் சொன்னேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு இரண்டு தடவை படித்தார்.

“கடலெல்லாம் வோணாம்மா. பேரு மட்டும் கரெக்டா கீதான்னு பாரு” என்றார்.

பத்து நிமிஷத்தில் எல்லாம் காணாமல் போனது. ‘மரங்கொத்தி’ என்ற புனைபெயரில் உலவும் ஒரு தொகுப்பாளர் மொத்தத்தையும் அழித்துவிட்டு ஒரு குறிப்பு எழுதியிருந்தார்: ‘இது விளம்பரம். நம்பத்தகுந்த ஆதாரம் தேவை. நீங்கள் இச்சங்கத்துடன் தொடர்புடையவரா?’

நேர்மையான பதில் எழுத வேண்டும் என்று நினைத்து, ‘எந்தத் தொடர்பும் இல்லை. மருமகள் மட்டுமே’ என்று எழுதினேன்.

அத்தைக்குக் கோபம். “யாரு அவன்? எந்த ஊரு?”

“தெரியாது அத்தே. பேரே மரங்கொத்தின்னுதான் கீது.”

“மரங்கொத்திக்கு நாயி மேல இன்னா காண்டு? சோறு போட்டுகினு நான் உசுரோட கீறேன், அவன் கேக்கறான் ஆதாரம்.”

ஆதாரம் என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்குள் இருந்த ஆடிட் மூளை விழித்துக்கொண்டது. சங்கத்தின் லெட்டர்பேடில், ‘மேற்படி சங்கம் நல்ல முறையில் செயல்பட்டு வருகிறது என்று சான்றளிக்கிறேன்’ என்று டைப் அடித்து, தலைவர் என்ற முறையில் அத்தையின் கையெழுத்தையும், செயலாளர் என்ற முறையில் அத்தையின் இன்னொரு கையெழுத்தையும் வாங்கி, ரப்பர் ஸ்டாம்ப் குத்தி ஏற்றினேன். எங்கள் கம்பெனியில் இதற்கு மேல் எந்த ஆடிட்டரும் கேட்டதில்லை. மரங்கொத்தி கேட்டார். ‘தனக்குத்தானே கொடுத்துக்கொள்ளும் சான்று ஏற்கப்படாது. செய்தித்தாளில் வந்திருக்கிறதா?’

வந்ததில்லை. வரவைத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். திருவள்ளூரில் ஒரு பேப்பருக்குச் செய்தி அனுப்பும் நிருபரைப் பிடித்தேன். ஞாயிற்றுக்கிழமை நாய்களுக்கு இலவசத் தடுப்பூசி முகாம் போடுகிறோம் என்றேன்.

“ஊசியெல்லாம் நியூஸா மேடம்? யாராச்சும் பெரிய ஆளா வராங்களா? போட்டோ இருந்தாத்தான் எடம் குடுப்பாங்க” என்றார்.

பெரிய ஆளைத் தேடினோம். ஞாயிற்றுக்கிழமை பெரிய ஆட்கள் எல்லாரும் வேறு வேறு காதுகுத்தில் இருந்தார்கள். சும்மா இருந்தவர் ஒருவர்தான். எங்கள் மனையை வாங்கிய அதே பிளாட் புரமோட்டர், மீஞ்சூர்க்காரர். போனில் கேட்டதும், “நான் பெரிய நாய்ப் பிரியன்ம்மா” என்று உருகிவிட்டார். முப்பது நாயைத் தெருவில் விடப்போகிறவர் நாய்ப் பிரியர் என்று மேடையேறுவதில் அவருக்கும் கூச்சமில்லை, கூப்பிட்ட எனக்கும் இல்லை. என் கணவர் சாம் மட்டும், “ஜெனி, இது நல்லா இல்ல” என்றார். ஆடிட் அனுபவம் இல்லாதவர் என்று விட்டுவிட்டேன்.

முகாமுக்குப் புரமோட்டர் தன் நாயோடு வந்தார். வெள்ளைப் பஞ்சு உருண்டை, நெற்றியில் சிவப்பு ரிப்பன், பெயர் பிரின்ஸ். காரிலிருந்து ஒரு ஆள் தூக்கிக்கொண்டு வந்தான். எங்கள் நாய்கள் வேலியோரம் வரிசையாக உட்கார்ந்து அதை வேடிக்கை பார்த்தன. கால்நடை டாக்டர் ஊசி போடப் போட ஒன்றுகூட முனகவில்லை. நிருபர் எங்கள் நாய்களை ஒரு தடவை பார்த்துவிட்டு கேமராவை மூடினார். பிரின்ஸைப் பார்த்ததும் திறந்தார். பெயர் என்ன என்று கேட்டு எழுதிக்கொண்டார்.

வரவேற்புரை, வாழ்த்துரை எல்லாம் முடிந்து புரமோட்டருக்குப் பொன்னாடை போர்த்தினோம். நிருபர் முகத்தில் உற்சாகமில்லை. “இது தினம் வர்ற போட்டோதான்” என்றார். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. மீதி ஒரு பொன்னாடை இருந்தது. அத்தையின் காதில் சொன்னேன்.

“நாய்க்கா?” என்றார் அத்தை. “வோணாம் ஜெனி. தெரியாத நாயி.”

“பேப்பர்ல கண்டிப்பா வரும் அத்தே.”

நாய்களைப் பற்றி அத்தைக்குத் தெரியாதது எதுவும் இல்லை. அறிமுகமில்லாத நாயின் மேல் துணியைப் போடாதீர்கள், பிடிக்க வருகிறார்கள் என்று நினைத்துக்கொள்ளும் என்பது எங்கள் சங்கத் துண்டறிக்கையின் மூன்றாவது வரி. அதை டைப் அடித்தவள் நான். ஆனாலும் அத்தை வேலியோரம் இருந்த தன் நாய்களை ஒரு தடவை பார்த்தார். கொட்டகை வேண்டும். பொன்னாடையை வாங்கிக்கொண்டு, ஜிகினாக் கரை பளபளக்க, பிரின்ஸின் மேல் மெதுவாகப் போர்த்தினார்.

துணிக்குள்ளிருந்து அத்தனை சத்தம் வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அடுத்த நொடி அத்தையின் வலது கையில் பிரின்ஸ் தொங்கிக்கொண்டிருந்தது. சாம் ஓடினார், டாக்டர் ஓடினார், புரமோட்டர் “பிரின்ஸ், நோ, பிரின்ஸ், நோ” என்று சொல்லிக்கொண்டே காருக்குள் ஓடினார். இன்னுயிரையும் ஈயத் துணிந்த குடும்பத்தின் மருமகளாகிய நான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் மேல் ஏறி நின்று, கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். நிருபர் ஒருவர்தான் தன் கடமையைச் செய்தார். நிற்காமல் கிளிக் செய்தார்.

டாக்டரிடம் நாய்க்குப் போடும் ஊசிதான் இருந்தது. அத்தையைத் திருவள்ளூர் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். அங்கே நர்ஸ், “தெரு நாயா?” என்று கேட்டார்.

“இல்லம்மா. சாதி நாயி” என்றார் அத்தை. “தெரு நாயி முப்பதும் உக்காந்துகினு பாத்துக்கினு இருந்துச்சி.”

எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. கொட்டகையும் போயிற்று, மாமியார் கையும் போயிற்று என்று தோன்றியது. அத்தை கட்டுப்போட்ட கையால் என் முதுகில் தட்டி, “நீ ஏம்மா அழுவுற? நாற்காலில ஏறினது நல்லதாப் போச்சி. உன்னியும் கடிச்சிருந்தா ஊட்ல சமைக்கறது யாரு?” என்றார். (அது ஆறுதலா, வேறு ஏதாவதா என்று இன்றுவரை முடிவு செய்யவில்லை.)

மறுநாள் பேப்பரில் வந்தது. சும்மா வரவில்லை, நாலு பத்தி அகலத்துக்கு வந்தது. ‘விலங்கு நலச் சங்கத் தலைவியை நாய் கடித்தது: பொன்னாடை போர்த்தியபோது பரபரப்பு.’ போட்டோவில் ஓரமாக அத்தை, நடுவில் பிரின்ஸ், எல்லாருக்கும் மேலே தெளிவாக நான். கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் யாரோ எழுந்து, “மேடம், சீட்ல உக்காருவீங்களா, ஏறி நிப்பீங்களா?” என்று கேட்டார்கள்.

அன்று மதியம் கலைக்களஞ்சியத்தைத் திறந்தேன். மரங்கொத்தி எனக்கு முன்பே வந்துபோயிருந்தார். ‘செயல்படவில்லை’ என்ற வரி இல்லை. அந்த இடத்தில் இருந்தது இதுதான்: ‘இச்சங்கம் செயல்பட்டு வருகிறது. இது நடத்திய தடுப்பூசி முகாமில், பொன்னாடை போர்த்தியபோது, சிறப்பு விருந்தினரின் பிரின்ஸ் என்ற நாய் சங்கத் தலைவரைக் கடித்தது.’ பக்கத்தில் குட்டி எண் போட்டு, அடியில் செய்தித்தாளின் பெயர்.

அலறியடித்துக்கொண்டு இரண்டாவது வாக்கியத்தை நீக்கினேன். ஒரே நிமிஷத்தில் திரும்ப வந்தது. மறுபடி நீக்கினேன், மறுபடி வந்தது. மூன்றாவது தடவை குறிப்பும் வந்தது: ‘நம்பத்தகுந்த ஆதாரம் உள்ள தகவலை நீக்க வேண்டாம்.’ இவ்வளவு பாடுபட்டு ஆதாரத்தைத் தயாரித்துக் கொடுத்தவளே நான்தான் என்பதால் பக்கத்தை மூடிவிட்டேன்.

தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்தபோது எடுக்கவே பயமாக இருந்தது. “பாத்தேன் மேடம்,” என்றார் அதிகாரி. கொஞ்ச நேரம் இருமினார். சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது. “செயல்பட்டு வருகிறதுன்னு போட்டிருக்கு. எனக்கு அது போதும். சாவி வாங்கிக்கோங்க. ஆனா திறப்பு விழால யாருக்கும் பொன்னாடை கின்னாடை வேணாம்.”

மாதக் கடைசிக்குள் முப்பது நாய்களும் கொட்டகைக்குப் போய்விட்டன. இன்றும் அங்கேதான் இருக்கின்றன. புரமோட்டரின் மனைகள் விற்றுப்போய், வாசலில் ‘நாய்கள் நடமாட்டம் இல்லாத அமைதியான சூழல்’ என்று பலகை இருக்கிறது.

ஆனால் அத்தைக்கு ஒரு மனக்குறை தீரவில்லை. பேப்பரில் அவரைச் ‘சங்கத் தலைவி’ என்றுதான் போட்டிருந்தார்கள். நிருபர் கேட்டு எழுதிக்கொண்ட பெயர் நாயின் பெயர் மட்டும்தான். அதனால் கலைக்களஞ்சியத்திலும் பிரின்ஸுக்குப் பெயர் இருக்கிறது, அத்தைக்கு இல்லை. வருஷத்துக்கு ஒரு தடவை நான் ‘ஸ்டெல்லா’ என்று சேர்க்கிறேன். மரங்கொத்தி அழித்துவிட்டு ஆதாரம் கேட்கிறார்.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பிரியாணிக்குப் பிறகு சாம் போனை எடுத்து, சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அந்தக் கட்டுரையை உரக்கப் படிப்பார். முடிந்ததும் யாராவது ஒருவர், “அது சரி, கடி வாங்கினது ஸ்டெல்லாக்காதான்னு இன்னா ஆதாரம்?” என்று கேட்க வேண்டும். அது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது.

அத்தை சேலைத் தலைப்பை ஒதுக்கி வலது கையை நீட்டுவார். மணிக்கட்டுக்கு மேலே நாலு பல் தடம், இன்னும் பளிச்சென்று இருக்கிறது.

“அந்த மரங்கொத்திய இட்டுகினு வா,” என்பார். “வந்து தொட்டுப் பாத்துட்டு எழுதட்டும்.”