பதினேழாம் இலக்கக் கிணறு

ஒரு காலத்தில் நான் ஒரு முழு ஊரின் குடிதண்ணீரை நிறுத்தப் பார்த்தவள். கெட்ட எண்ணம் ஒன்றும் இருக்கவில்லை. அளவுக்கு மிஞ்சிய கெட்டிக்காரத்தனம்தான் காரணம். இப்போது அந்த ஊரான சரவணைப் பக்கம் போனால் எனக்குத் தேத்தண்ணீர்கூடக் கிடைக்கிறது என்பதால், இனி உண்மையை எழுதினால் பெரிய ஆபத்து வராது என்று நினைக்கிறேன்.

அப்போது நான் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம். நீண்ட விடுமுறையில் எட்டு வார ஆராய்ச்சிப் பயிற்சி ஒன்று நடந்தது. பட்டம் முடித்து வெளிநாட்டில் மேற்படிப்புக்குப் போக விரும்பும் பிள்ளைகளைத் தயார்படுத்துவது அதன் நோக்கம். ஆராய்ச்சிக் கட்டுரையை எப்படி வாசிப்பது, முன்பின் தெரியாத பேராசிரியருக்கு எப்படி மின்னஞ்சல் எழுதுவது, 'நான் ஏன் மேற்கொண்டு படிக்க விரும்புகிறேன்' என்று இரண்டு பக்கத்துக்குப் பொய் சொல்லாமல் எப்படி எழுதுவது என்றெல்லாம் சொல்லித் தந்தார்கள். (என்னுடைய முதல் பிரதி 'சிறுவயது முதலே தண்ணீர்மீது எனக்குத் தீராத காதல்' என்று தொடங்கியது. எங்கள் மேற்பார்வையாளர் சுகந்தி மிஸ் அதன் ஓரத்தில் சிவப்புப் பேனையால் 'ஏன்?' என்று மட்டும் எழுதியிருந்தார். எனக்கும் விடை தெரியவில்லை.)

ஒவ்வொருவரும் ஒரு சின்ன ஆராய்ச்சி செய்து கடைசி வாரத்தில் சபை முன்னால் சமர்ப்பிக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் மிஸ் சிபாரிசுக் கடிதம் எழுதுவார். அந்தக் கடிதம் இல்லாவிட்டால் எந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகமும் என் விண்ணப்பத்தைத் திரும்பிப் பார்க்காது. என் பெறுபேறுகள் அந்த இலட்சணம். ஆகவே அந்த எட்டு வாரமும் எனக்கு வாழ்வா சாவா என்ற மாதிரித்தான்.

எனக்குக் கிடைத்த தலைப்பு, சரவணைக் கிணறுகளில் எங்கே உப்புக் கூட, எங்கே குறைவு என்று கண்டுபிடிப்பது. நான் வேலணைக்காரி. சரவணை எங்கள் தீவிலேயே பக்கத்து ஊர். கிணற்றில் மாதிரி எடுப்பது எப்படி என்று மிஸ் மற்றவர்களுக்கு ஒரு மணித்தியாலம் படிப்பித்தார். சில வாளி இறைத்து ஊற்ற வேண்டுமாம், போத்தலை அதே தண்ணீரில் அலம்ப வேண்டுமாம், கட்டாயம் தானே அள்ள வேண்டுமாம்.

"தீவுக்காரிக்குக் கிணறு படிப்பிக்கினமோ?" என்று பக்கத்தில் இருந்த கொழும்புப் பிள்ளையின் காதில் சொல்லிவிட்டுப் பாதியில் எழும்பி வந்துவிட்டேன். அந்தப் பிள்ளை ஒரு வரி விடாமல் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தது.

ஆவணி மாத வெயில். சோளகக் காற்று புழுதியை அள்ளி முகத்தில் எறிந்துகொண்டிருந்தது. முப்பத்தொரு வீடுகளைத் தெரிந்தெடுத்து, ஒவ்வொரு கேற்றிலும் ஒன்று, இரண்டு என்று இலக்கம் ஒட்டினேன். போத்தல்களிலும் அதே இலக்கம். அதுவரை நான் ஒரு விஞ்ஞானிதான். அதற்குப் பிறகு கேற்றில் நின்று கூப்பிடுவேன்.

"அக்கா, யூனிவர்சிற்றியிலையிருந்து வாறன். ஆராய்ச்சிக்கு உங்கட தண்ணியிலை ஒரு போத்தல் தருவீங்களோ?"

"எட, எங்கட வேலணைப் பிள்ளையெல்லோ! வெயிலுக்கை நிக்காமல் உள்ளுக்கு வாரும், இரும்."

கதிரை வரும். தேத்தண்ணீர் வரும். பனங்காய்ப் பணியாரம் வரும். என் போத்தல் உள்ளே போய், நிறைந்து, துணியால் துடைக்கப்பட்டுத் திரும்பி வரும். நான் காற்றாடிக்குக் கீழே இருந்தபடியே முப்பது கிணறுகளை ஆராய்ந்து முடித்தேன். (அந்த மூன்று வாரத்தில் என் எடை கூடியது மட்டும் சந்தேகமில்லாத முடிவு.)

பதினேழாம் இலக்க வீட்டில்தான் எல்லாம் பிசகியது. அது சின்னத்துரை அண்ணையின் வீடு. புகையிலைத் தோட்டக்காரர், ஐம்பது வயது இருக்கும். ஆரோடும் முகம் கொடுத்துக் கதைக்காத மனிதர் என்று ஊரெல்லாம் பெயர்.

"தண்ணியோ? கிணறு பின்னுக்குக் கிடக்கு. வாளியும் கிடக்கு. கை உமக்குக் கிடக்குத்தானே?" என்றார்.

நானே அள்ளினேன். கயிறு உள்ளங்கையை உரித்தது. பாதித் தண்ணீர் என் சட்டையில் ஊற்றுண்டது. இருக்கச் சொல்லவுமில்லை, தேத்தண்ணீர் தரவுமில்லை. குறிப்புப் புத்தகத்தில் பதினேழுக்குப் பக்கத்தில் 'ஒத்துழைப்புப் போதாது' என்று கோபமாக எழுதிக்கொண்டேன்.

ஆய்வுகூடத்தில் உப்பு அளக்கிற மீற்றரை வைத்துப் பார்த்தால், முப்பது போத்தலும் கிட்டத்தட்ட ஒரே அளவு. உப்பு இல்லை என்றே சொல்லலாம். பதினேழு மாத்திரம் முள் எகிறியது. மூளையுள்ள எவருக்கும் இந்த இடத்தில் ஒரு சந்தேகம் வந்திருக்கும். எனக்கு ஒரு கண்டுபிடிப்பு வந்தது. சரவணைக்குக் கீழே ஒரே சீராக ஒரு நல்ல தண்ணீர் ஏரி விரிந்து கிடக்கிறது என்று முடிவு கட்டினேன். ஊர்ப்படம் கீறி, கிணறுகளையெல்லாம் நீலப் புள்ளியாக்கினேன். நடுவில் பதினேழு மட்டும் சிவப்பாக நின்று படத்தின் வடிவைக் கெடுத்தது. போத்தல் ஊத்தையாக இருந்திருக்கும், இல்லாவிட்டால் அந்த மனிசன் பார்த்த பார்வையில் தண்ணீர் கரித்துப் போயிருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு அதை அழித்துவிட்டேன். அறிக்கையின் அடியில் மிகச் சின்ன எழுத்தில் 'அளவீட்டுப் பிழை, நீக்கப்பட்டது' என்று போட்டேன்.

படத்தைப் பார்த்த மிஸ், "எல்லாம் இவ்வளவு ஒரே மாதிரியோ?" என்று கேட்டார்.

"ஓம் மிஸ், அதுதானே கண்டுபிடிப்பு!"

மிஸ் படத்தை என்னிடமே திருப்பித் தந்தார். "முதலிலை தண்ணி தந்த ஆக்களுக்குச் சொல்லும். பிறகு சபையிலை சொல்லலாம்."

சமர்ப்பணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது சரவணை வாசிகசாலையில் கூட்டம். இலக்கம் ஒட்டிய வீட்டுக்காரர் எல்லாரும் வந்திருந்தார்கள். மகள் பேசுவதைப் பார்க்க வேலணையிலிருந்து அம்மாவும் தம்பியும் வந்திருந்தார்கள். கோடையில் அந்த ஊருக்குக் கிழமைக்கு இரண்டு முறை பவுசர் என்ற தண்ணீர் லொறியில் குடிதண்ணீர் வந்து சந்தியில் உள்ள பெரிய தாங்கியை நிரப்பும். அந்தப் பவுசரை எங்கே அனுப்புவது என்று பார்க்கும் அலுவலரும் காகிதக் கோவையோடு முன்வரிசையில் இருந்தார்.

நீலப் படம் சுவரில் விழுந்தது. "உங்கள் கிணறுகள் எல்லாவற்றிலும் குடிக்கக்கூடிய நல்ல தண்ணீர் இருக்கிறது" என்று செய்தி வாசிப்பவர் மாதிரி அறிவித்தேன். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துப் பெருமையாகச் சிரித்தார்கள்.

அலுவலர் கோவையைத் திறந்தார். "சந்தோசம் தங்கச்சி. அப்ப பவுசரை இனி மடத்துவெளிப் பக்கம் விடலாம். அங்கை எவ்வளவு நாளாக் கேட்டுக்கொண்டிருக்கினம்."

சிரிப்பு நின்றது. எல்லாரும் தங்கள் காலடியைப் பார்த்தார்கள். என்ன நடக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. அலுவலர் பேனையின் மூடியைக் கழற்றினார். அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"பதினேழு எங்கை?"

சின்னத்துரை அண்ணை எழும்பி நின்றார். "என்ர கேற்றிலை நீர்தானே ஒட்டினனீர். படத்திலை பதினாறு கிடக்கு, பதினெட்டுக் கிடக்கு. பதினேழு எங்கை?"

"அது அளவு பிழைச்சுப் போச்சு அண்ணை. அதாலை எடுத்திட்டன்."

"என்ன பிழை?"

"சரியான உப்பாக் காட்டினது."

"உப்புத் தண்ணியெண்டால் உப்பாத்தானே காட்டும்! அதைக் குடிக்க வைச்சால் மாடே என்ர முகத்தைப் பாக்கும். எனக்கும் பதினாறுக்கும் நடுவிலை ஒரு வேலிதான் கிடக்கு. வேலி உப்பை மறிக்குமோ?"

சபை முழுவதும் பதினாறாம் இலக்கப் பூமணி அக்காவைத் திரும்பிப் பார்த்தது. அக்கா சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு மெல்ல எழும்பினார்.

"பிள்ளை, குறை நினையாதை. நான் தந்தது பவுசர்த் தண்ணி."

"ஏனக்கா?"

"யூனிவர்சிற்றிக்குக் கொண்டுபோற தண்ணியெல்லோ? உந்த உவரைத் தந்து ஊரின்ர மானத்தை வாங்கிறதோ? வீட்டுக்கு வந்த பிள்ளைக்குக் குசினிக் குடத்துத் தண்ணிதானே குடுக்கிறது."

அதற்குப் பிறகு மடை திறந்தது. "நானும்தான்." "நாங்களும்தான்." இருபத்திரண்டாம் இலக்க அக்கா இன்னும் ஒருபடி மேலே போனார். "எங்கட வீட்டிலை அண்டைக்குப் பவுசர்த் தண்ணியும் முடிஞ்சு போச்சு. பூமணியிட்டை வாங்கித் தந்தனான்."

ஆக, மூன்று வாரமாக நான் சந்தித் தாங்கியை முப்பது முறை அளந்திருக்கிறேன். பூமணி அக்காவின் குடத்தை மட்டும் இரண்டு முறை. ஊரிலேயே உண்மையான தண்ணீர் தந்த ஒரே மனிதரைப் பிழை என்று அழித்திருக்கிறேன்.

அலுவலர் பேனையை மூடிச் சட்டைப் பையில் வைத்தார். "தங்கச்சி, எங்கட பவுசர்த் தண்ணி நல்ல தண்ணியெண்டு நிரூபிச்சதுக்கு நன்றி" என்றார். தம்பி சிரிப்பை அடக்க ஏலாமல் வெளியே ஓடினான். "நான் எண்டாலும் அதைத்தான் குடுத்திருப்பன்" என்று அம்மா சத்தமாகச் சொன்னார். அது எனக்கு ஆதரவா, ஊருக்கு ஆதரவா என்று இன்றுவரை தெரியாது.

கடிதம் போய்விட்டது, படிப்பும் போய்விட்டது என்று வாசிகசாலைப் படியில் இருந்து அழுதேன். மிஸ் பக்கத்தில் வந்து நின்றார்.

"எத்தினை நாள் கிடக்கு?"

"நாலு, மிஸ்."

"வீட்டிலை வாளி இருக்கோ?"

"இருக்கு."

"அப்ப ஏன் அழுறீர்?"

அடுத்த மூன்று நாளும் முப்பத்தொரு கிணற்றிலும் நானே அள்ளினேன். முதல் நாள் விடியவே சின்னத்துரை அண்ணை தன் கயிற்றோடு வந்து நின்றார். "இவவுக்கு அள்ளத் தெரியாது, கிணத்துக்கை விழுந்து துலைச்சால் ஆர் பதில் சொல்றது?" என்று ஊருக்குக் காரணமும் சொன்னார். பவுசர் பறிபோகப் பார்த்த பயத்தில் ஊரின் மானம் அப்படியே மறுபக்கம் புரண்டிருந்தது. "நல்லா அடியிலையிருந்து அள்ளும், எங்கடைதான் கூட உப்பு" என்று பூமணி அக்கா கிணற்றுக்கட்டில் நின்று சொல்ல, "உன்ர எங்கை, வந்து எங்கடையை ருசிச்சுப் பார்!" என்று அடுத்த வளவிலிருந்து பதில் வந்தது. முப்பத்தொரு வீட்டிலும் ஒருவர்கூட எனக்குக் கதிரை போடவில்லை.

பல்கலைக்கழகச் சபையில் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒன்று நீலம், மற்றது பெரும்பாலும் சிவப்பு. நடந்ததை நடந்தபடி சொன்னேன். பாதியில் சபை சிரிக்கத் தொடங்கியது. கடைசியில் ஒரு பேராசிரியர், "உமது முடிவுகளில் நீர் எதை அதிகம் நம்புகிறீர்?" என்று கேட்டார்.

"பதினேழு" என்றேன்.

மிஸ் கடிதம் எழுதினார். படிக்க இடமும் கிடைத்தது. நான் படித்து முடித்துத் திரும்பி வந்த பிறகுதான் அதில் என்ன எழுதினார் என்று சொன்னார்: 'இந்தப் பிள்ளை இனி ஒருபோதும் கதிரையில் இருந்துகொண்டு மாதிரி எடுக்க மாட்டாள் என்பதற்கு நான் பொறுப்பு.' வாசிகசாலைக் கூட்டத்தன்று சின்னத்துரை அண்ணை தோட்டத்துக்குப் போயிருந்தால் பவுசர் மடத்துவெளிக்குப் போயிருக்கும், என் நீல ஏரி சபைக்குப் போயிருக்கும், சரவணைப் பிள்ளைகள் கோடை முழுவதும் உவர் குடித்திருப்பார்கள். நல்ல காலம், அவர் வந்தார்.

எங்கள் வீட்டில் அந்தக் கேள்வி இன்னும் அடங்கவில்லை. மீன் குழம்பில் தம்பிக்குத் துண்டு விழாவிட்டால் "பதினேழு எங்கை?" என்பான். குடும்பப் படத்தில் அப்பாவின் தலை வெட்டுப்பட்டால் அப்பாவும் அதையே கேட்பார்.

போன வருடம் என் கலியாணம். சரவணையின் முப்பத்தொரு வீட்டுக்கும் அழைப்பிதழ் கொடுத்தோம். தாலி கட்டி முடிந்து, கூறைச் சேலையோடு மாப்பிள்ளையுடன் பந்திப் பக்கம் வந்தால், மூலையில் சின்னத்துரை அண்ணை தனியே இருக்கிறார். இலையில் சோறு, கறி எல்லாம் இருக்கிறது. பாயாச வாளி அவரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அவர் ஒன்றும் கேட்கவில்லை. நான்தான் மண்டபம் அதிரக் கத்தினேன்.

"பதினேழுக்குப் பாயாசம் வரேல்லை!"

சரவணைப் பந்தி முழுவதும் சிரித்தது. சின்னத்துரை அண்ணை தலை நிமிராமலே, "நல்லா அடியிலையிருந்து அள்ளச் சொல்லும், பிள்ளை" என்றார்.