சீரின்மேல் நின்ற பலகைச் சுவர்

திண்டிவனத்தில் தையல்நாயகி என்பவர் 1988 மார்கழியில் எனக்குச் சொன்ன கதை இது.

கிருஷ்ணசாமி தாலுகா ஆபீசில் ஓய்வு பெற்றவர். ஒரே மகளை விழுப்புரத்தில் கட்டிக்கொடுத்தாயிற்று. வீட்டில் எஞ்சியவள் மனைவி ஜெயம். அவளும் அவருக்கு எஞ்சவில்லை. கூடத்தில் டி.வி. வந்த நாள்முதல் மாலையானால் தெருப் பெண்கள் அத்தனை பேரும் அங்கேதான். கிருஷ்ணசாமி, கூடத்தையும் தம் அறையையும் பிரிக்கும் பலகைச் சுவருக்கு இப்பால், அப்பால் எழும் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு கிடப்பார். ஜெயம் அவரோடு முகம் பார்த்துப் பேசி எத்தனை காலம்!

ஒருநாள் தீர்மானித்தார். சுவரைக் கூடத்துக்குள் நகர்த்தினால் இடம் சுருங்கும், கூட்டம் கலையும், மனைவி மிஞ்சுவாள்.

"அறையில காத்தே இல்ல ஜெயம். சுவர ரெண்டு முழம் அந்தாண்ட தள்ளிக்கலாமா?"

"தாராளமா தள்ளிக்கோங்க."

தச்சர் சவுரிராயன் வந்தார். கூடம் முழுக்க லினோலியம் விரிப்பு. "இத்த அறுத்துட்டுத் தரையில ஆணி அடிச்சாத்தாங்க சுவரு நிக்கும்" என்றார்.

ஜெயம் கரண்டியோடு வந்தாள். "இன்னாது, அறுக்கறதா? எங்க அண்ணன் பாண்டிச்சேரிலேர்ந்து தோள்ல தூக்கிக்கினு வந்த சீரு. பொறந்த வூட்டுச் சீர்ல கத்தி வைப்பீங்களா?"

"வைக்கமாட்டாரும்மா" என்று சவுரிராயனே முந்திக்கொண்டார்.

சீரை அறுத்தால் ஜெயம் அடியோடு பேசமாட்டாள். பேச்சுக்காகச் செய்யும் காரியத்தில் இருக்கிற பேச்சையும் இழப்பதா? சுவரை விரிப்பின் மேலேயே, கனத்த அடிச்சட்டம் வைத்து நிறுத்தச் சொன்னார் கிருஷ்ணசாமி. பழைய இடத்தில் வெறும் சிமெண்டுப் பட்டை பல்லிளித்தது. விரிப்பின் விளிம்பு அவர் அறைக்குள் கிடந்தது.

பெண்கள் கலையவில்லை. இன்னும் நெருங்கி உட்கார்ந்து, இன்னும் உரக்கச் சிரித்தார்கள்.

மகளைப் பார்க்க அவர் விழுப்புரம் பஸ் ஏறியதும் ஜெயம் தெருவைத் திரட்டினாள். ஏழெட்டுப் பேர் அவர் அறைக்குள் புகுந்து விரிப்பின் விளிம்பைப் பிடித்தார்கள்.

"இழுங்கடி ஜல்தி!"

விரிப்போடு சுவரும் தேர்போல அசைந்து வந்தது. பழைய இடத்தையும் தாண்டி, கட்டிலில் முட்டித்தான் நிலைகொண்டது.

திரும்பியவர் அறைக் கதவைத் திறந்தார். கதவை அடுத்துக் கட்டில். கட்டிலை அடுத்துச் சுவர்.

"ஜெயம்! இன்னா பண்ணி வச்சிருக்கே?"

"சீரு என்னுது. அதும்மேல நிக்கறதும் என்னுதுதானேங்க?"

"நான் எங்க உக்கார்றது?"

"கூடத்துல இவ்ளோ எடம் கீதே. எம்பக்கத்துல வந்து உக்காருங்க."

அந்த அழைப்புக்குத்தான் அவர் இத்தனை பாடுபட்டது. வேட்டியைச் சீர்செய்துகொண்டு போய் அமர்ந்தார். தொண்டையைச் செருமினார்.

"உஷ்! படம் முடியட்டும்" என்றாள் ஜெயம்.

இதே கதையை விழுப்புரத்து லட்சுமியம்மாள் சொல்லும் பாடத்தில் கிருஷ்ணசாமி கூடத்துக்குப் போவதில்லை. கட்டிலில் படுத்தபடி பலகையை ஒருமுறை தட்டுகிறார். மறுபக்கத்திலிருந்தும் ஒரு தட்டல் வருகிறது. தட்டியது ஜெயமா, சுவரில் சாய்ந்திருந்த வேறொருத்தியின் தலையா என்று கேட்டேன்.

"அவரே கேக்கல. நீங்க ஏங்க கேக்கறீங்க?" என்றார் லட்சுமியம்மாள்.