கண்காட்சிக்குப் போன சாரம்

டென்மார்க்கிலை எத்தனையோ விசரரைப் பாத்திட்டன், என்னையும் சேர்த்துத்தான். ஆனா 'லேபிள்' அண்ணை மாதிரி ஒராள் இந்த நாட்டிலை இனிப் பிறக்கப் போறேல்லை.

கோல்டிங்கிலை ஒரு முதியோர் இல்லத்துச் சலவைப் பகுதியிலை நானும் அவரும் ஒண்டா வேலை. வயசுபோன ஆக்களின்ரை உடுப்பு மாறுபடாமல் இருக்க, ஒவ்வொண்டிலையும் பேர் எழுதின லேபிள் தைக்கிறது அவரின்ரை பொறுப்பு. அந்தப் பழக்கம் மனிசனை வீட்டிலையும் விடேல்லை. குடை, தலகணி, மனிசியின்ரை கைப்பை, எல்லாத்திலையும் லேபிள்! இடுப்பிலை கட்டுற ஒரு பழைய நீலக் கட்டச் சாரத்திலை மட்டும் பேர் இல்லை, ஊர். அதைக் கட்டிக்கொண்டு படுத்தெழும்பின இடமெல்லாம் வரிசையாத் தைச்சிருந்தார்: கொடிகாமம், கொழும்பு லொட்ஜ், மொஸ்கோ, பெர்லின் ஸ்டேசனிலை ஆக்கள் குந்தியிருக்கிற வாங்கு, ஸ்கீவ அகதி முகாம், அதுக்குப் பிறகு ஏழு வாடகை வீடு.

பல்கனியிலை அது காயுறதை ஒரு டெனிஷ் ஓவியக்காரி கண்டிட்டாள். "பயணம், வீடு எண்டு ஒரு துணிக் கண்காட்சி வைக்கிறம், தாங்கோ" எண்டு காலிலை விழாத குறை. அண்ணைக்கு இல்லையெண்டு சொல்லத் தெரியாது. குடுத்திட்டார்.

திறப்பு விழாவுக்குப் போனால், கடவுளே! நாங்கள் கட்டிக்கொண்டு குப்பை கொட்டப் போற சாரம், லைட் வெளிச்சத்திலை சுவரிலை தொங்குது. வெள்ளையள் வைன் கிளாசோடை நிண்டு கண்ணைத் துடைக்கினம். அண்ணையின்ரை முகத்திலை ஈயாடேல்லை.

"எப்பவாம் திருப்பித் தருவினம்?"

"ஒரு மாதமாம் அண்ணை."

"ஐயோ, ஒரு மாதமோ! அதில்லாமல் எனக்கு நித்திரை வராதடா."

"வேறை சாரமே இல்லையே?"

"எட்டுக் கிடக்கு. எல்லாத்தையும் கட்டிப் பாத்திட்டன். ஆரோ வீட்டிலை படுத்திருக்கிற மாதிரிக் கிடக்கு."

அடுத்த ஞாயிறு அவரின்ரை மனிசி போன் எடுத்தா. "தம்பி, இவரைக் காணேல்லை. ஒரு கிழமையாக் கண்மூடேல்லை, எங்கையும் விழுந்து கிடக்கிறாரோ தெரியாது!" எனக்கு உடனை விளங்கீட்டுது. கண்காட்சிக்கு ஓடினன்.

சுவரிலை சாரம் தொங்கின இடத்திலை வெறுங்கொழுக்கி. கீழை வாங்கிலை அண்ணை! சாரத்தைக் கட்டிக்கொண்டு, காற்சட்டையை மடிச்சுப் பக்கத்திலை வைச்சிட்டு, வாயைப் பிளந்து குறட்டை. சுத்திவரப் பத்துப் பதினைஞ்சு டெனிஷ்காரர், இதுவும் கலையாக்கும் எண்டு மூச்சுக் காட்டாமல் நிக்கினம். ஒரு கிழவி குனிஞ்சு அவரின்ரை முழங்காலடியிலை 'மொஸ்கோ'வை வாசிச்சுக்கொண்டு நிக்கிறா.

"அண்ணை, எழும்புங்கோ! மானம் போகுது!" எண்டு பிடிச்சு உலுக்கினன்.

கண் திறக்காமலே, "போடா... இப்பத்தான் நித்திரை வந்தது" எண்டார்.

ஓவியக்காரி ஓடி வந்தாள். பொலிசைக் கூப்பிடப் போறாள் எண்டுதான் நினைச்சன். அவள் கொழுக்கியைப் பாத்தாள், அவரைப் பாத்தாள். பிறகு மெல்லமா, "எழும்பினாப் பிறகு வீட்டை கொண்டுபோகச் சொல்லுங்கோ. இனி நான் இதைக் கொழுவமாட்டன்" எண்டாள்.

நான் அண்ணையின்ரை காற்சட்டையை எடுத்து மடியிலை வைச்சுக்கொண்டு பக்கத்திலை இருந்திட்டன். மூடுற நேரம்வரைக்கும், ஆர் வாய் திறந்தாலும் "உஷ்!" எண்டு விரல் காட்டினதுதான் என்ரை வேலை.