நாலு நாள் பதினோரு வயது

எனக்குப் பதினோரு வயது இரண்டு தடவை வந்தது. முதல் தடவை, எல்லாருக்கும் வருவது போலப் பத்துக்கு அப்புறம் வந்து, ஒரு வருஷம் இருந்துவிட்டுப் போயிற்று. இரண்டாவது தடவை வந்தபோது எனக்குப் பதிமூன்று முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. நாலு நாள் இருப்பதாகத்தான் ஏற்பாடு. இரண்டாம் நாளே மானத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டது.

யுத்தம் முடிந்த மறு வருஷம். மாதுங்காவில் ஒன்றரை அறையில் இருந்தோம். அப்பா, அம்மா, நான், ஒன்பது வயதுத் தம்பி கிட்டு. அப்பா ஃபோர்ட்டில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. மாதுங்காவிலேயே நாலு தெரு தள்ளி விச்சு மாமா என்று ஒருவர் இருந்தார். கிறிஸ்துமஸ் லீவில் நாலைந்து குடும்பங்களைச் சேர்த்துக்கொண்டு வெளியூர் போவார். ரயில், ஜாகை, டாங்கா வண்டி, மூன்று வேளைச் சாப்பாடு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கட்டணம். அந்த வருஷம் நாசிக், திரியம்பகம். நோட்டீஸின் அடியில் பொடி எழுத்தில், 'பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பாதிக் கட்டணம்' என்று போட்டிருந்தார்.

அம்மா கல்யாணமாகி பம்பாய் வந்து பதினைந்து வருஷம் ஆகியிருந்தது. ஊருக்குப் போகிற ரயிலின் ஜன்னல் வழியாகக் கல்யாண் ஸ்டேஷனைப் பார்த்ததுதான் அவளுடைய ஊர் சுற்றல். அப்பா நோட்டீஸை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். மூன்று முழுசும் ஒரு அரையும் அவர் சம்பளத்துக்குக் கட்டாது. இரண்டு முழுசு, இரண்டு அரை என்றால் எப்படியோ சமாளிக்கலாம்.

"நீங்க மூணு பேரும் போய்ட்டு வாங்கோ. எனக்கென்ன, அடுத்த தடவை பாத்துண்டாப் போச்சு" என்றாள் அம்மா. அழுதுகொண்டு சொல்லியிருந்தால்கூடத் தேவலை. முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். அப்பா நோட்டீஸை மடித்து வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். அம்மாவும் முறத்தை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். (எனக்குப் பின்னால் யாராவது வந்திருக்கிறார்களோ என்று நான் திரும்பிப் பார்த்தேன். அவ்வளவு சூட்டிகை.)

விச்சு மாமா வீட்டில் பெயர் கொடுக்கும்போது, "பொண்ணுக்கு என்ன வயசு?" என்று கேட்டார்.

"பதினொண்ணு நடக்கறது" என்றாள் அம்மா.

அப்பா பொய் சொல்ல மாட்டார். அம்மா சொல்லும்போது சுவரில் தொங்கிய காலண்டரை வெகு அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் நான் தாவணி போட ஆரம்பித்து நாலு மாதம் ஆகியிருந்தது. அது பெட்டிக்குள் போயிற்று. பழைய பாவாடை வெளியே வந்தது. கணுக்காலுக்கு மேலே ஒரு சாண் ஏறி நின்றது. "தழைச்சுக் கட்டிக்கோ, முதுகைக் கொஞ்சம் வளைச்சுக்கோ, யாராவது கேட்டா ஜாஸ்தி பேசாதே" என்றாள் அம்மா. இந்த மூன்றை மட்டும் செய்திருந்தால் எங்கள் குடும்பம் கௌரவமாகப் போய்த் திரும்பியிருக்கும்.

ஆனால் அந்த வருஷம் பள்ளிக்கூட நாடகத்தில் நான் காவற்காரனாக நடித்திருந்தேன். ஒரே ஒரு வரி வசனம். அதைச் சொன்னபோது இரண்டு பேர் கை தட்டினார்கள். அதிலிருந்து என்னை நான் பெரிய நடிகை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பதினோரு வயதுப் பெண் எப்படி இருப்பாள் என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை. அதனால் கீழ்வீட்டுக் குழந்தையைப் பார்த்துப் பழகிக்கொண்டேன். (அதற்கு வயது நாலு.)

தாதர் ஸ்டேஷனில் விச்சு மாமாவின் சம்சாரம் கமலம் மாமி என் கன்னத்தைத் தடவி, "உன் பேர் என்னடி கண்ணு?" என்றாள்.

"லாஜி" என்றேன். என் பெயர் ராஜி.

"என்ன படிக்கறே?"

இந்தக் கேள்விக்கு நான் தயாராக வரவில்லை. விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். பிறகு விரலை வாயில் போட்டுக்கொண்டேன். அம்மா பின்னாலிருந்து கிள்ளினாள். நான் அதையும் பயன்படுத்திக்கொண்டு அழுதேன்.

இகத்புரிக்கு முன்னால் ரயில் மலைக் குகைக்குள் நுழைந்தபோது, "ஐயோ பூச்சாண்டி" என்று கத்தி மாமியின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். குகை முடிந்து வெளிச்சம் வந்ததும் நிமிர்ந்து பார்த்தால் மாமியின் கண்ணில் நீர். நடிப்பு மனசைத் தொட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த குகையில் இன்னும் நன்றாகச் செய்தேன்.

நாசிக்கில் ஒரு தர்மசாலையில் இறங்கினோம். அரை டிக்கெட்டுகளுக்கு முதல் பந்தி, சின்ன இலை, காப்பி கிடையாது, பால்தான். மறுநாள் காலை காப்பி இல்லாமல் எனக்குத் தலை சுற்றிற்று. பால் தம்ளரையே வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கமலம் மாமி வந்து எனக்கு உப்புமாவைத் தன் கையாலேயே ஊட்டிவிட்டாள். அப்புறம் அம்மாவை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனாள்.

"தப்பா நினைச்சுக்காதீங்கோ. கொழந்தை நெடுநெடுன்னு நன்னா வளந்திருக்கா. ஆனா புத்தி..." என்று நிறுத்தினாள். "எப்பலேர்ந்து இப்படி?"

அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "தாதர்லேர்ந்துதான்" என்றாள்.

மாமி அதை வேறு மாதிரி புரிந்துகொண்டாள். பிளாட்பாரத்தில் விழுந்து தலையில் அடிபட்டிருக்கும் என்று தீர்மானித்துவிட்டாள். ஒரு மணி நேரத்துக்குள் கோதாவரிக் கரையில் எனக்காக விசேஷ பூஜைக்கு ஏற்பாடாகிவிட்டது. எங்கள் கோஷ்டி முழுக்கச் சுற்றி நின்றது. என்னைத் தலையோடு முங்க வைத்து ஈரப் பாவாடையோடு மணையில் உட்கார வைத்தார்கள்.

ஆற்றங்கரைப் புரோகிதரான பண்டா என் பெயர், நட்சத்திரம், கோத்திரம் எல்லாம் கேட்டார். அம்மா சொன்னாள். கடைசியில், "லட்கீ கீ உமர்?" என்று என் வயதைக் கேட்டார்.

அம்மா ஆற்றைப் பார்த்தாள். அந்தப் பக்கம் தெரிந்த ராமர் கோயில் கோபுரத்தைப் பார்த்தாள். விச்சு மாமாவிடம் சொன்னதை ராமரிடம் சொல்ல அவளுக்கு நாக்கு வரவில்லை.

"தேரா" என்றாள் மெல்ல. பதிமூன்று. ராமரிடம் அரைகுறையாகச் சொல்லக்கூடாது என்று, "ஊப்பர் தீன் மஹினா" என்று மூன்று மாதத்தையும் சேர்த்தாள்.

பம்பாயில் இருப்பவர்களுக்கு இந்த அளவு ஹிந்தி எல்லாருக்குமே தெரியும். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். குட்டு உடைந்தது, அடுத்து போலீஸ்தான் என்று நினைத்தேன்.

ஆனால் கமலம் மாமி, "பதிமூணா?" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். "பதிமூணு வயசுலயா இப்படி? ஈஸ்வரா."

அரை டிக்கெட்டைப் பற்றி ஒருத்தருக்கும் நினைப்பே வரவில்லை. செம்பூரிலிருந்து வந்த ஒரு மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். யாரோ ஒரு மாமி வாழைப்பழத்தை உரித்து என் வாயில் வைத்தாள். அதோடு விட்டிருந்தால் நானும் பழத்தைத் தின்றுவிட்டுப் பேசாமல் இருந்திருப்பேன். செம்பூர் மாமா தன் மனைவியிடம், "பள்ளிக்கூடத்துலகூடச் சேத்துண்டிருக்க மாட்டா, பாவம்" என்றார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பழத்தை விழுங்கிவிட்டு எழுந்து நின்றேன்.

"நான் நாலாம் ஃபாரம் படிக்கறேன். கிளாஸ்ல ரெண்டாவது ராங்க். எனக்கு ஒண்ணும் இல்லை. அரை டிக்கெட்டுக்காகத்தான் இப்படி இருந்தேன்."

நம்பாதவர்களுக்காக அல்ஜீப்ரா சூத்திரம் ஒன்றைச் சொன்னேன். யாரும் நிறுத்தாததால் கோதாவரியின் உபநதிகளையும் வரிசையாக ஒப்பித்தேன்.

முதலில் பேசியது பண்டாதான். கையில் இருந்த தர்ப்பையை நெற்றியில் ஒற்றிக்கொண்டு, "கோதாவரி மாயீ கீ கிருபா" என்றார். அத்தனை வருஷமாகப் பூஜை பண்ணுகிறவர். ஒன்று இவ்வளவு சீக்கிரம் பலித்து அவரே பார்த்ததில்லை போலிருக்கிறது.

அப்பா நேராக விச்சு மாமாவிடம் போனார். அவர் குரல் அவ்வளவு கம்மி நான் கேட்டதே இல்லை. "தப்பு என்னுதுதான். சம்பளம் வந்ததும் மீதியைக் கட்டிடறேன்."

விச்சு மாமா கொஞ்ச நேரம் என்னையும் என் குட்டைப் பாவாடையையும் பார்த்தார். "சார், ரயிலுக்கு மட்டும் முழுசாக் குடுங்கோ. மத்ததெல்லாம் என் நோட்டீஸ்தானே? என்கிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பன்னிரண்டைப் பதினாலுன்னு திருத்தியிருப்பேன். அந்தக் கொழந்தையை ஏன் ரெண்டு நாளாப் படுத்தினேள்?"

அன்று மத்தியானம் நான் பெரியவர்கள் பந்தியில் உட்கார்ந்தேன். சாயங்காலம் காப்பி வந்தது. அம்மா மட்டும் என்னோடு பேசவில்லை. மறுநாள் திரியம்பகத்தில் மலையடிவாரத்தில் நின்றுகொண்டு வெகு நேரம் மேலே பார்த்தாள். மேகம் மலைமேல் சாய்ந்து கிடந்தது. "இதைப் பாக்காமயே இருந்திருப்பேன்டி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நடிப்புக்காக எனக்குக் கிடைத்த பரிசு என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் அதைச் சொல்லலாம்.

கமலம் மாமி மட்டும் நான் சொன்னதை நம்பவே இல்லை. பூஜைக்கு முந்தின ராத்திரியே அவள் பிள்ளையாருக்குத் தேங்காய் வேண்டிக்கொண்டிருந்தாளாம். வேண்டின மறுநாள் குழந்தைக்குப் பேச்சு தெளிந்துவிட்டது. வேறென்ன சாட்சி வேண்டும்? "அரை டிக்கெட்னு சொல்லி மறைக்கறா. பெத்தவாளுக்குக் கூச்சம் இருக்காதா" என்று மாதுங்கா மார்க்கெட் முழுக்கச் சொல்லி வைத்தாள்.

ஆறு வருஷம் கழித்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாமி ஒத்தாசைக்கு வந்திருந்தாள். பஜ்ஜித் தட்டை நீட்டிக்கொண்டே பிள்ளையின் அம்மாவிடம், "சின்ன வயசுல கொஞ்சம் அப்படி இப்படி இருந்தா. இப்பப் பூரணமாக் குணமாயிடுத்து" என்றாள். அப்பா அவர்களிடம் முழுக் கதையையும் சொல்லவேண்டி வந்தது. பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தார். அவர்தான் என் வீட்டுக்காரர்.

மாமியார் சிரிக்கவில்லை. கல்யாணமாகி வந்த புதிதில் என்னிடம் ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி நிதானமாகப் பேசுவார். "ராஜி. இது. தோசைக்கல். சுடும்." அரைக்கிற வேலை, கூட்டமான லோக்கல் ரயிலில் தாதர் மார்க்கெட்டுக்குப் போகிற வேலை எதையும் என்னிடம் தரமாட்டார். மூன்று வருஷம் அப்படி ஓடிற்று. நானும் அவசரப்பட்டு அவரைத் திருத்தப் போகவில்லை.

இப்போதும் நான் எதையாவது விடாமல் வாதாடினால் என் வீட்டுக்காரர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் பிள்ளைகளிடம் சொல்வார்: "கமலம் மாமி கொஞ்சம் ஜாஸ்தியாவே வேண்டிண்டுட்டா."