செப்புப் பூச்சு

இந்தக் குளிர்காலத்தில் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்வதில்லை என்று தீர்மானித்தேன். எனக்கு ஊசி என்றால் பயம் என்று என் மனைவி ஐலி, எங்கள் ஹான்காக் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். சுத்தப் பொய். ஊசியைப் பார்த்தால் எனக்குப் படுத்துக்கொள்ளத் தோன்றும், அவ்வளவுதான்.

ஆகவே ஒரு டப்பா செப்புப் பூச்சு வாங்கி வந்தேன். மேலே வந்து உட்காரும் ஃப்ளூ கிருமியைச் செம்பு சில மணி நேரத்தில் செயலிழக்க வைத்துவிடும் என்று டப்பாவில் போட்டிருந்தது. வாசல் கதவு, ஃப்ரிட்ஜ் கைப்பிடி, குழாய், சவுனா என்கிற நீராவிக் குளியல் அறைக் கதவு, பனி அள்ளும் மண்வெட்டி என்று ஒன்று விடாமல் பூசினேன். டிவி ரிமோட்டில் பொத்தான்கள் ஒட்டிக்கொண்டன. அன்று முதல் எங்கள் வீட்டில் மீன்பிடிக்கும் சேனல் மட்டும்தான்.

ஐலி காபிக் கோப்பையோடு வந்து, வீட்டை மேலும் கீழும் பார்த்தாள். "பூசி மெழுகறதுல உங்களை மிஞ்ச ஆளே இல்லைங்க" என்றாள்.

பூச்சு இருந்தால் பூச்சி சாகும், பூச்சி செத்தால் ஊசி எதற்கு என்று விளக்கினேன். அவள் பதில் பேசவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் பதில் பேசாமல் போனதே இல்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

மறுநாள் காலையில் போனை வைத்துவிட்டு வந்தாள். "என் தம்பி எய்னோ வீட்டுல குளிருக்குப் போடற ஹீட்டர் போயிடுச்சாம். குடும்பத்தோட இங்க வரச் சொல்லிட்டேன். பாவம், எல்லாருக்கும் ஃப்ளூ."

"ஃப்ளூவோடயா? இங்கயா?"

"உங்களுக்கென்ன? அதான் வீடு பூராவும் பூசியிருக்கீங்களே."

"அது கைப்பிடியில இருக்கிற கிருமிக்குத்தாம்மா. உன் தம்பி என் மூஞ்சிக்கு நேரா இருமினா? காத்துக்குப் போய் எப்படிப் பூசறது?"

"அப்ப பூச்சு மட்டும் போதாதா?"

"எப்படிப் போதும்? கொஞ்சமாவது அறிவோட பேசு."

"சரி, அறிவாளி. கோட்டை மாட்டுங்க, மருந்துக்கடைக்குப் போய் ஊசி போட்டுக்கலாம்."

மருந்துக்கடையில் நடந்ததைச் சொல்வதற்கில்லை. எழுப்பி உட்காரவைத்து ஆரஞ்சு ஜூஸ் கொடுத்தார்கள்.

திரும்பும்போது எனக்கு ஒரு வீரம் வந்துவிட்டது. வரட்டும் எய்னோ, இருமட்டும். அவர்களுக்கு எந்த அறையை ஒழித்துக் கொடுக்கலாம் என்று தாராளமாகக் கேட்டேன்.

ஐலி பனிச்சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் வண்டியை ஓட்டினாள்.

"எதுக்கு? அவங்க போன வாரமே ஃப்ளோரிடா போயாச்சே."